நாற்பது சுத்தமான தொண்டைகள்

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம் மாட்டிருக்கு" என்றார் லேப் டெக்னீஷியன் சாலமோன், கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி. "நம்பர் பத்தொன்பது."

டாக்டர் ஃபஹ்மிதா வாங்கிப் பார்த்தாள். ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புக் கூழின் மேல் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து ஒரு கண்ணாடி வளையம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஏழு வருஷமாக இந்த ஒரு கிருமியைத்தான் அவள் ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் சொந்தக்காரன் முதுகு தெரிந்துவிடுவது போல, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

பட்டியலில் பத்தொன்பதுக்கு நேரே இருந்த பெயரைத் தேடிப் படித்தாள்.

லில்லி சிஸ்டர்.

பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு என்றாலே லில்லி சிஸ்டர்தான். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். அவர் வார்டில்தான் இருபது நாளில் மூன்று பச்சைப் பிள்ளைகளின் ரத்தத்துக்குள் இந்தக் கிருமி புகுந்திருந்தது. இரண்டு பிழைத்துக்கொண்டன. கொற்கையிலிருந்து வந்த மாரிக்கண்ணுவின் பிள்ளை நாலாம் நாள் போய்விட்டது.

மூன்றிலும் ஒரே வகை. இந்தக் கிருமியில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு; இது இருபத்தெட்டாம் வகை. அப்படியென்றால் மூன்றுக்கும் ஊற்று ஒன்றுதான். யாரோ ஒருவருடைய தொண்டை. அந்த யாரோவைத் தேடித்தான் வார்டில் கால் வைக்கும் நாற்பத்தோரு ஊழியர்களின் தொண்டையிலும் வியாழக்கிழமை பஞ்சுக்குச்சி விட்டு எடுத்திருந்தார்கள். இன்று வெள்ளி.

"ரிப்போர்ட் அடிச்சிரவா மேடம்? பெரிய டாக்டர் ரெண்டு தடவ போன் போட்டுட்டாவ."

"பொறுங்க. வகை பாக்கணும்."

"வகை எல்லாம் எதுக்கு?" என்று வாசலில் குரல் கேட்டது. கண்காணிப்பாளர் டாக்டர் கிங்ஸ்லி. பெரிய டாக்டர் என்றால் அவர்தான். போன் போட்டுக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர். "கொற்கைக்காரங்க ஸ்டேஷன்ல மனு குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு கமிட்டி. எனக்கு ஒரு பேர் வேணும். பேர் கிடைச்சிருச்சுல்லா?"

"சார், தொண்டையில கிருமி இருக்கறது குத்தம் இல்ல. நூறு பேர்ல நாலஞ்சு பேருக்குச் சும்மாவே இருக்கும். பிள்ளைகள்கிட்ட இருந்த அதே வகைதானான்னு பாத்துட்டுத்தான்..."

"பாருங்க. சாயந்தரம் வாரேன்."

சாயந்தரம் வந்தார். ஃபஹ்மிதா முடிவை நீட்டினாள். லில்லியின் தொண்டையில் இருந்தது பன்னிரண்டாம் வகை. இருபத்தெட்டு இல்லை.

கிங்ஸ்லி அதை ஒரு தடவை படித்தார். மடித்தார். "ஒரு தொண்டையில ரெண்டு வகை இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"இருக்கலாம். ஆனா..."

"மத்த நாப்பது பேரும் சுத்தம். நீங்களே எழுதியிருக்கீங்க. வேற யார்கிட்டயும் கிருமியே இல்ல, இவங்ககிட்ட மட்டும் இருக்கு. கமிட்டி எதை நம்பும்?" சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். "சஸ்பென்ஷன் ஆர்டர். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமைக்குள்ள வேற பேர் கொண்டுவாங்க, கிழிச்சுப் போட்டுருதேன். இல்லன்னா ஆர்டரும் போகும், ஸ்டேஷனுக்குப் பேரும் போகும்."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை அறையிலேயே நின்றது.

சுத்தம்.

ஃபஹ்மிதா எழுந்துபோய் மிச்சம் நாற்பது தட்டுகளையும் மறுபடி வரிசையாகப் பரப்பினாள். காலையில் வளையம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது வளையத்தை மறந்துவிட்டு வெறும் தட்டாகப் பார்த்தாள்.

விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

மனிதத் தொண்டை என்பது வண்ணார்பேட்டை ரவுண்டானா மாதிரி. ஆளில்லாத நேரமே கிடையாது. கெட்டவன் இல்லாவிட்டாலும் சாதுவான கிருமிகள் நூற்றுக்கணக்கில் போய்வந்துகொண்டிருக்கும். தட்டில் தடவினால் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய் மொய்க்கும். இந்த நாற்பதில் அப்படி ஒன்றுமில்லை. இங்கொன்று அங்கொன்று. சிலதில் அதுவும் இல்லை. ஊரடங்கு போட்ட ரோடு மாதிரி பளிச்சென்று கிடந்தன.

உயிருள்ள மனிதனின் தொண்டை இப்படி இருக்காது. ஒருவர் இருவர் என்றால் சரி. நாற்பது பேருமா?

யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

யார்? குச்சி எடுத்தது சாலமோன். தொண்டையில் விடாமலேயே உப்புநீரில் முக்கிக் கொண்டுவந்திருக்கலாம். யார் சொல்லிச் செய்திருப்பார்? போன வருஷம் ஆஸ்பத்திரியின் அறங்காவலர்கள் வந்திருந்தபோது, "ரெண்டு நர்ஸ் பார்க்க வேண்டிய வேலைய ஒரு நர்ஸ் பாக்கா. பெரிய டாக்டர்கிட்ட ஏன்னு கேளுங்க" என்று எல்லார் முன்னாலும் போட்டுடைத்தவர் லில்லி சிஸ்டர். அன்றைக்குக் கிங்ஸ்லியின் முகம் போன போக்கை ஃபஹ்மிதா பார்த்திருக்கிறாள்.

"சாலமோன், உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பதினெட்டு வருஷ டெக்னீஷியனுக்கு மேடத்தின் குரல் மாறினால் தெரியாதா?

"இந்த நாப்பது பேருக்கும் குச்சி தொண்டைக்குள்ள போச்சா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கீய! நாலு பேரு வாந்தி எடுக்கப் பாத்தாவ. வாட்ச்மேன் என் கையக் கடிச்சே வச்சுட்டாரு." கட்டைவிரலைக் காட்டினார். பல் தடம் இருந்தது.

"உங்க தட்டு எது?"

"அஞ்சு."

ஐந்தாம் எண் தட்டைத் தூக்கினாள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இது எப்படி?"

சாலமோனின் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. "நல்லாக் கொப்பளிச்சிட்டு வந்தேன்லா."

"என்னது?"

"பெரிய டாக்டர் மொத நாளே நோட்டீஸ் போட்டுட்டாவல்லா, நாளைக்குப் பத்து மணிக்குத் தொண்டை பாக்குறாங்கன்னு. வீட்டுல உப்புத்தண்ணி. இங்கன வந்து அந்தச் செவலை மருந்து, ஆபரேசனுக்கு முன்னால வாய் கொப்பளிக்கக் குடுப்போம்லா, அது ரெண்டு மூடி. எல்லாரும்தான் மேடம். அங்கன வாஷ்பேசின்ல வரிசையே நின்னுச்சு."

"எதுக்கு!"

"எதுக்கா? ஒரு டாக்டர் முன்னால வாயத் தொறக்கணும். நாத்த வாயோடயா வந்து நிக்க முடியும்? கோயிலுக்குக் குளிக்காமப் போவமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேலைக்கு ஏதும் ஆயிரக் கூடாதேங்கிற பயமும்தான்."

ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கிருமியைத் தேடும் பரிசோதனைக்கு, கிருமியைக் கொன்றுவிட்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். நாற்பது பேர். ஒருவரைத் தவிர.

நேராக வார்டுக்குப் போனாள். லில்லி சிஸ்டர் ஒரு பிள்ளைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நேத்து நீங்க வாய் கொப்பளிக்கலையா?"

"கொப்பளிச்சா டெஸ்ட் என்னத்துக்கு ஆகும் டாக்டர்? நான் நர்ஸு. காலையில காப்பி கூடக் குடிக்கல." துணியின் முனையைச் செருகினார். "என் தொண்டையிலதான் இருக்காமே? ஆர்டர் டைப் அடிச்சாச்சுன்னு ஆயா சொல்லிட்டா."

"உங்ககிட்ட இருக்கறது வேற வகை. பிள்ளைகளுக்கு உங்களால வரல. ஆனா அதை நிரூபிக்க எனக்கு அந்த இன்னொரு ஆள் வேணும்." குரலைத் தாழ்த்தினாள். "மூணு பிள்ளைக்கும் தாய்ப்பாலத் தவிர யாராவது எதாவது குடுத்தாங்களா?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு நொடிதான்.

"இல்ல டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. குடுக்கக் கூடாதுன்னு அங்கன போர்டே போட்டிருக்கு."

போர்டு இருந்தது. ஆனால் சொன்னவரின் கண் போர்டுப் பக்கம் போகவில்லை, ஃபஹ்மிதா பக்கமும் வரவில்லை. கொப்பளிக்காமல் வந்து நின்ற ஒரே உண்மைக்காரி, இப்போது பொய் சொல்கிறார். யாருக்காக?

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஷிஃப்ட் மாறும் நேரம். கைரேகை வைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு டார்ச், குச்சிகள். நோட்டீஸ் இல்லை. சாலமோனுக்கே ஆறே முக்காலுக்குத்தான் தெரியும்.

"ஏலே சாலமோன், இது என்னவே அநியாயம்! பல்லு கூட வெளக்கல!" என்றார் வாட்ச்மேன்.

"அதுக்குத்தாம்வே இந்த நேரத்துல வந்திருக்கோம். வாயத் தொற. கடிச்சீருன்னா இன்னைக்கு நானும் கடிப்பேன்."

ஆயாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஃபஹ்மிதா ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாரும் எதையோ விழுங்கிக்கொண்டு நிற்பது போலவே பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் தும்மல் கூடச் சாட்சியாகிவிடுகிறது.

மேலே வார்டுக்குப் போக லிஃப்டுக்குக் காத்து நின்றாள். இரண்டாம் மாடியில் பிரசவ அறை, மூன்றாம் மாடியில் வார்டு. இரண்டு என்று எரிந்த விளக்கு அணைந்தது. மூன்று எரியவில்லை. ஒரு நிமிஷம். ஒன்றரை. இரண்டு. பிறகு மூன்று எரிந்தது.

கீழே வந்து கதவு திறந்ததும் லிஃப்ட் ஓட்டும் அம்மையப்பன் சிரித்தார். ஐம்பத்தெட்டு வயது, நெற்றியில் திருநீறு, காக்கிச் சட்டை.

"நடுவுல நின்னுட்டா அண்ணாச்சி?"

"பழைய வண்டில்லா டாக்டரம்மா. ஏறும்போது மூச்சு வாங்குது."

மூன்றாம் மாடிப் பொத்தானை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். ஆள்காட்டி விரல் தனியாக மடங்கியிருந்தது. அதன் நகம் ஒட்ட வெட்டி, சுரண்டிக் கழுவிய மாதிரி வெளுத்திருந்தது. மற்ற விரல்களில் கிரீஸ் கறை.

'வினோதம்தான்' என்று நினைத்தாள். அதற்குள் வார்டு வந்துவிட்டது.

ஞாயிறு காலை தட்டுகளைத் திறந்தபோது சாலமோன் விசில் அடித்தார். ரவுண்டானாவில் கூட்டம் திரும்பியிருந்தது. நாற்பத்தொன்றும் மொய்த்துக் கிடந்தன. நான்கில் கண்ணாடி வளையம். ஒன்று லில்லி சிஸ்டர். மற்ற மூன்றும் புதிது. நான்கையும் ஃபஹ்மிதா வகை பார்க்கப் போட்டாள். காலை எட்டு மணிக்குப் போட்டது, மதியம் பன்னிரண்டு மணிக்குப் பதில் சொன்னது. லில்லிக்குப் பழைய பன்னிரண்டாம் வகைதான், கூட வேறெதுவும் இல்லை; இன்னும் இரண்டு வேறு வகைகள்.

எண் முப்பத்தேழு. இருபத்தெட்டாம் வகை.

"யாரு மேடம்?"

பட்டியலைப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். "அம்மையப்பன்."

"லிஃப்ட் அண்ணாச்சியா!" சாலமோன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், அவரு எறும்பு ஏறுச்சுன்னாக் கூட எந்த மாடின்னு கேட்டு எறக்கி விடுத ஆளு!"

லிஃப்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறினாள்.

"அண்ணாச்சி, நீங்க பிள்ளைகளத் தொடுறதுண்டா?"

"நானா? நான் பட்டன அமுக்குதவன். பிள்ளையத் தொடுததுக்கு எனக்கு என்ன வேல டாக்டரம்மா?" சொல்லும்போதே அந்த வெளுத்த விரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. பொய் சொல்லிப் பழகாத மனிதர். பாவமாக இருந்தது.

"உங்க தொண்டையில லேசாக் கிருமி இருக்கு. இன்னையிலயிருந்து லீவு. இந்த மாத்திரை பத்து நாளைக்கு. ஒரு வேளை கூட விடக் கூடாது."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையே?"

"வலிக்காது."

கிருமி கிடைத்துவிட்டது. வழி கிடைக்கவில்லை. பொத்தான் அழுத்துகிறவரின் தொண்டையிலிருந்து பிறந்த பிள்ளையின் ரத்தத்துக்கு எந்த வழியாகப் போனது? அது தெரியாமல் கமிட்டிக்குப் போனால், முப்பத்தேழு என்ற எண்ணையும் கிங்ஸ்லி ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார். 'அவன் தொண்டையில இருந்தா என்ன? பிள்ளையத் தூக்கினது லில்லிதானே?'

வார்டில் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். வெளியே போனவர்களைத்தான் கேட்க வேண்டும். பிழைத்த பிள்ளைகளில் ஒன்று ஏரலில் இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் வாழை. ஏரலில் வீட்டைக் கண்டுபிடித்தபோது, ஃபெபியும் அவள் புருஷன் ஹெப்ரானும் கோயில் ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். ஹெப்ரான் வாழைத்தார் வியாபாரி. வெள்ளை வேட்டி, சிவந்த கண்.

"மறுபடியும் ஊசியா? பிள்ள ஒடம்பு பூரா ஓட்ட போட்டீய, இன்னும் எங்க எடமிருக்கு?"

"ஊசி இல்ல. ஃபெபிகிட்ட நாலு வார்த்த பேசணும்."

"என்கிட்டப் பேச மாட்டீயளோ?"

"நீங்க போயி டாக்டருக்குக் கலர் வாங்கிட்டு வாங்க" என்றாள் ஃபெபி. "குளுந்ததாப் பாத்து. பைய வாங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். பிள்ளை தொட்டிலில் கை கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"ஃபெபி, பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. கர்த்தர் சாட்சி."

"லிஃப்ட் நடுவுல நின்னுச்சே, அப்போ?"

குறி பார்த்து எறியவில்லை. கையில் கிடைத்ததை எறிந்தாள். ஃபெபியின் வாய் திறந்து மூடியது.

"ஆருட்டயும் சொல்ல மாட்டேன்னு சிஸ்டருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"திங்கக்கிழமை அந்த சிஸ்டருக்கு வேல போகுது. போலீஸும் வரும். நீங்க சொன்னா ஒருவேளை போகாது."

ஃபெபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுக்கல டாக்டர். சேனைதான் வச்சோம்."

சேனை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக வைக்கும் இனிப்பு. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஃபஹ்மிதாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலப்பாளையத்தில் அவள் அண்ணன் மகனுக்குப் பேரீச்சம்பழம் தொட்டு வைத்தபோது போனில் படம் எடுத்தவளே அவள்தான். இத்தனை நாளும் 'என்ன குடுத்தீங்க' என்று கேட்டாள். குடுக்கவில்லை என்றார்கள். சேனை அவர்கள் கணக்கில் குடுப்பதில் சேராது. அது வைப்பது.

"அம்மையப்பன் அண்ணாச்சியா?"

"அவரேதான். பிரசவ ரூம்லயிருந்து மேல கொண்டுபோகும்போது நடுவுல நிறுத்திருவாரு. சீனித்தண்ணி சிஸ்டர் கொண்டாருவாவ. வெரல நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் டாக்டர் தொடுவாரு. மொதல்ல தன் நாக்குல ஒரு தொடு, அப்புறம் அதே வெரலால பிள்ள நாக்குல ஒரு தொடு. அப்பத்தான குணம் ஒட்டும்?"

விரலைக் கழுவினார். நாக்கை என்ன செய்ய முடியும்?

"அவரை ஏன் பிடிச்சீங்க?"

"முப்பது வருசமா அந்தப் பொட்டிக்குள்ள நிக்காரு. எத்தன பேரு ஏசிருப்பாவ, ஒரு நாளு மொகஞ் சுளிச்சிருப்பாரா? எங்க வீட்டுல உள்ளதப் பாத்தீயள்லா, மூக்குக்கு மேல கோவம். பிள்ளையாவது நல்லா வரட்டுமேன்னுதான்." மூக்கை உறிஞ்சினாள். "நாங்க பயந்துக்கிட்டுத்தான் இருந்தோம். பெரிய டாக்டர் வீட்டம்மாவே மக பிள்ளைக்கு அவரக் கூப்பிட்டு வச்சாவன்னு ஆயா சொன்ன பொறவுதான் தைரியம் வந்துச்சு."

ஹெப்ரான் கொண்டுவந்த கலரை ஃபஹ்மிதா வாங்கிக் குடித்தாள். ருசியே தெரியவில்லை.

திங்கட்கிழமை. பத்தே முக்காலுக்கு லில்லி சிஸ்டர் கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். சேனை."

லில்லி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அவர விட்டுருங்க டாக்டர். எனக்கு ஏழு மாசந்தான பாக்கி. நான் போறேன்."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மூணாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பதான் மனசுல தட்டுச்சு. அன்னைலயிருந்து ஆரையும் வைக்க விடல. சனிக்கிழமை கூட லிஃப்ட்ட நடுவுல நிறுத்திக் கேட்டாவ, ரெண்டு நிமிசம் மல்லுக்கட்டி வேண்டாம்னுட்டேன்."

"ஏன் வந்து சொல்லல?"

"ஆரு ஆரம்பிச்சான்னு கேப்பாவ. நான் ஆரு பேரச் சொல்லட்டும்? அந்தம்மா, 'சிஸ்டர், ரெண்டு நிமிசம், கண்ண மூடிக்கங்க'ன்னாவ. மூடிக்கிட்டேன். ஒருத்தருக்கு மூடின கண்ண அடுத்தவளுக்கு எப்படித் தொறக்க? மாரிக்கண்ணு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா, பணக்காரப் பிள்ளைக்குத்தான் வைப்பீயளான்னு."

கதவு திறந்து ஃபஹ்மிதாவைக் கூப்பிட்டார்கள்.

கிங்ஸ்லியோடு சேர்த்து ஐந்து பேர். அவள் தட்டுகளின் படங்களைக் காட்டினாள். நாற்பது சுத்தமான தொண்டைகள் எப்படி வந்தன என்று சொன்னபோது இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். முப்பத்தேழாம் எண்ணைச் சொன்னாள். சேனையைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"லிஃப்ட் ஆப்பரேட்டர்!" கிங்ஸ்லி மேஜையில் தட்டினார். "சரி. அப்போ ஒரு ஆர்டர் இல்ல, ரெண்டு. அவன் மேல போலீஸ். இதுக்கு உடந்தை லில்லி. இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

"சார், அவர் தொண்டையில இருக்கறது அவருக்கே தெரியாது. சிஸ்டர் நிறுத்தினதாலதான் நாலாவது பிள்ளைக்கு வரல."

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லட்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி! உள்ள உக்காந்துக்கிட்டுக் காட்டுமிராண்டித்தனமா எச்சில் தொட்டு வைக்கறது! என் வார்டுல இதை யார் ஆரம்பிச்சது? எனக்கு அந்தப் பேர் வேணும்!"

ஃபஹ்மிதா மேஜையில் கிடந்த போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுக்கு ஒரு போன் போடுறீங்களா சார்? ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னா நல்லது."

"என்ன உளறுறீங்க?"

"உங்க பேரனுக்குச் சேனை வச்சது யாருன்னு மேடத்துக்கிட்டக் கேளுங்க. கேட்டுட்டு, ரெண்டு ஆர்டருக்கும் கையெழுத்துப் போடுங்க."

நான்கு பேரும் கிங்ஸ்லியைப் பார்த்தார்கள். போடாவிட்டால் அதுவே பதிலாகிவிடும். போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார் அவர் மனைவி கரோலின் அம்மாள். பின்னணியில் பிள்ளை சிணுங்கும் சத்தம்.

"சேனையா? நம்ம அம்மையப்பன்தான். ஏன், இப்ப என்னவாம்? லில்லி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் பிடிவாதமா வைக்கச் சொன்னேன். பிள்ள அவர மாதிரி தன்மையா வரட்டும். உங்கள மாதிரி வள்ளுன்னு விழுதவனா இன்னொருத்தன் இந்த வீட்டுக்குத் தாங்காது, ஆமா!"

கிங்ஸ்லி போனை அணைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"பேரன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். கேள்வி மாதிரி இருந்தது.

"ஆறு வாரம் ஆச்சு சார். அப்போ அவர் தொண்டைக்குக் கிருமி வந்திருக்காது. வந்திருந்தா..." அவள் முடிக்கவில்லை. "இருந்தாலும் இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ஒரு குச்சி எடுத்துருவோம்."

கவரிலிருந்த ஆர்டரை அவர் எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ரிப்போர்ட்ல கரோலின் பேரு..."

"யார் பேரும் இல்ல சார். எண்கள் மட்டும்தான். உங்க பேரன் நாற்பத்திரண்டு. அம்மையப்பன் மேல போலீஸுக்குப் போனா மட்டும்தான் எண்ணுக்கெல்லாம் பேர் கேப்பாங்க."

"போக வேண்டாம்" என்றார் கிங்ஸ்லி. "ஆஸ்பத்திரியோட தப்புன்னே எழுதுங்க. ஸ்டேஷனுக்கு நானே போறேன்."

வெளியே வந்து ஃபஹ்மிதா சொன்னபோது லில்லி சிஸ்டர் எழுந்து நின்றார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"மாரிக்கண்ணுட்ட ஆரு சொல்லப் போறா?"

"ஆஸ்பத்திரிலயிருந்து லெட்டர் போகும் சிஸ்டர்."

"லெட்டரா?" லில்லி அவளைக் கூர்ந்து பார்த்தார். "அவ கேட்டு வாங்கின சேனை. நான் கலக்கிக் குடுத்த சீனித்தண்ணி. அத லெட்டர்ல படிக்கணுமா அவ?"

இருபத்தெட்டாம் வகையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும்தான் ஃபஹ்மிதாவின் படிப்பு.

"ரெண்டு நாள் லீவு எழுதிட்டேன். மொதல்ல கொற்கை. அங்கன எனக்கு என்ன கிடைக்கணுமோ கிடைக்கட்டும். வந்து அண்ணாச்சி வீட்டுக்குப் போகணும். அவருக்கும் வேற ஆரும் சொல்லிறக் கூடாது, என்ன?"

"நானும் வாரேன் சிஸ்டர். கார் இருக்கு."

"வேண்டாம் டாக்டர். காரு, டாக்டருன்னு வந்தா அவ அழக் கூட யோசிப்பா. என் ஒருத்திய மட்டும்னா அடிக்கவாவது செய்வா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏரல் வழியாகக் கொற்கை போகும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துவிட்டு, லில்லி சிஸ்டர் மாடிப்படி வழியாக இறங்கிப் போனார்.